மூன்று நீதிமன்றங்கள் பார்த்த பிறகும் நிரபராதி தூக்குமேடை வரை போவது எப்படி?

தில்லியில் நம் பிள்ளைகளுக்குப் பிளஸ் டூ அரசியல் அறிவியல் நடத்தும் டீச்சர் ஒருவர் எனக்கு அனுப்பிய கேள்வி இது. வகுப்பில் மரண தண்டனை பற்றி விவாதம் நடந்ததாம். ஒரு மாணவர் எழுந்து, "செஷன்ஸ் கோர்ட், ஐகோர்ட், சுப்ரீம் கோர்ட், அதற்கு மேல் ஜனாதிபதி. இத்தனை சல்லடையில் சலித்த பிறகு ஒரு நிரபராதி எப்படித் தூக்கில் ஏறுவான்?" என்று கேட்டிருக்கிறார். மற்ற பிள்ளைகள் கைதட்டியிருக்கிறார்கள். உச்ச நீதிமன்றத்தில் குற்ற மேல்முறையீடுகளில் வேலை செய்பவன் என்பதால் என்னிடம் பதில் கேட்டார்.

டீச்சர், அந்த மாணவர் கேட்டது நியாயமான கேள்வி. பெரும்பாலான பெரியவர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் உச்ச நீதிமன்றமே தூக்கை உறுதி செய்துவிட்டு, பல வருடம் கழித்து அதே நபர்களைக் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்த வழக்குகள் இந்த நாட்டில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே நடந்தது.

மயூர் விஹார் தமிழர்களுக்கு நிதாரி தெரியாத இடமில்லை. நொய்டா செக்டர் 31-ஐ ஒட்டிய கிராமம். 2006 டிசம்பர் கடைசியில் அங்கே ஒரு பங்களாவை ஒட்டிய சாக்கடையிலிருந்து குழந்தைகளின் எலும்புகளை எடுத்தார்கள். அந்த வீட்டில் வேலை செய்தவர் கைதானார். ஒரு சிறுமியின் கொலை வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் அவருடைய தூக்கை உறுதி செய்தது. கருணை மனுவும் நிராகரிக்கப்பட்டது. 2014 செப்டம்பரில் மீரட் சிறையில் தூக்குக்கு எல்லாம் தயாராக இருந்தது. நள்ளிரவு தாண்டிய நேரத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தடை உத்தரவு கொடுத்ததால்தான் அன்று அவர் உயிர் தப்பினார். அடுத்த மாதமே அவருடைய சீராய்வு மனு, அதாவது தீர்ப்பை அதே நீதிமன்றம் மறுபடி பார்க்கக் கேட்கும் மனு, தள்ளுபடி ஆனது. 2015 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், கருணை மனுவை முடிவு செய்வதில் ஏற்பட்ட தாமதத்துக்காகத் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2023-இல் இதே மாதிரியான மற்ற 12 வழக்குகளிலும் அவர் விடுதலை ஆனார். கடைசியாக 2025 நவம்பர் 11 அன்று, மிச்சமிருந்த அந்த ஒரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அது கியூரேட்டிவ் மனு, அதாவது சீராய்வும் தோற்ற பிறகு மிஞ்சும் கடைசி மனு.

விடுதலைக்கு என்ன காரணம்? 60 நாள் போலீஸ் காவலில் வைத்திருந்த ஒருவரிடம், உருப்படியான சட்ட உதவி எதுவும் இல்லாமல் வாக்குமூலம் வாங்கியிருந்தார்கள். தன்னை அடித்ததாகவும் சொல்லிக்கொடுத்ததாகவும் அந்த வாக்குமூலத்திலேயே அவர் சொல்லியிருந்தார். எலும்புகள் இருந்த இடம் ஊருக்கும் போலீசுக்கும் முன்பே தெரிந்திருந்தது. இவை எதுவும் 2025-இல் புதிதாகக் கிடைத்த தகவல் அல்ல. 2011-இல் உச்ச நீதிமன்ற மேசையில் இருந்த காகிதங்களில் இருந்தவைதான்.

சரி, அந்த மனிதரைக் காப்பாற்றியது எது? மூன்று நீதிமன்றமும் ஜனாதிபதியும் அவரைத் தூக்குமேடை வரை அனுப்பிவிட்டார்கள். தாமதம்தான் காப்பாற்றியது. "இந்த நாட்டில் தூக்கு போட இத்தனை வருடமா?" என்று நாம் கோபப்படுகிறோமே, அந்தத் தாமதம்.

இதைவிட என்னை அதிகம் உலுக்கியது மகாராஷ்டிராவின் அங்குஷ் மாருதி ஷிண்டே வழக்கு. 2003 ஜூனில் ஒரு தோட்டத்துக் குடிசையில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். கொடூரமான சம்பவம். நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேரைப் போலீஸ் பிடித்தது. 2006-இல் விசாரணை நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு கொடுத்தது. உயர் நீதிமன்றம் மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம், அந்த மூன்று பேருக்கும் சேர்த்து, ஆறு பேருக்கும் தூக்கு என்றது. சீராய்வு மனுவும் தள்ளுபடி.

2014-இல் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை தூக்குக் கைதியின் சீராய்வு மனுவைக்கூட நீதிபதிகள் தங்கள் அறையில் காகிதத்தைச் சுற்றுக்கு விட்டே முடித்துவிடலாம். வழக்கறிஞர் வாதாட வழியில்லை. மரண தண்டனை வழக்குகளில் சீராய்வைத் திறந்த நீதிமன்றத்தில், மூன்று நீதிபதிகள் முன்னால் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அந்த வருடம் தீர்ப்பளித்தது. அதனால்தான் ஷிண்டே வழக்கு மறுபடி திறந்தது. திறந்து பார்த்தால், உயிர் பிழைத்த பெண்மணி சம்பவம் நடந்த ஒன்றிரண்டு நாளிலேயே போலீஸ் காட்டிய புகைப்பட ஆல்பத்தில் நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வரும் இந்த ஆறு பேரில் இல்லை. அவர்கள் மீது வழக்குப் போடவும் இல்லை. அந்தத் தகவல் அரசுத் தரப்பின் கதையில் மறைக்கப்பட்டிருந்தது. 2019 மார்ச் 5 அன்று ஆறு பேரும் விடுதலை ஆனார்கள். 16 வருடம் போய்விட்டது. ஒருவர் சம்பவ நேரத்தில் 18 வயதுகூட ஆகாதவர். ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். தப்பான விசாரணை செய்த போலீஸ் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கவும் சொன்னது.

2009-க்கும் 2014-க்கும் நடுவில் அந்த ஆறு பேரையும் தூக்கில் போட்டிருந்தால், இன்று நம் யாருக்கும் அந்த ஆல்பத்தைப் பற்றித் தெரிந்திருக்காது. ஆறு கொலைகாரர்கள் தண்டிக்கப்பட்டார்கள் என்றே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்போம்.

இப்போது அந்த மாணவரின் சல்லடைக்கு வருகிறேன். சல்லடை எத்தனை இருந்தாலும், மேலே கொட்டியதைத்தான் சலிக்கும். வழக்கில் என்ன கொட்டப்படுகிறது என்பது முதல் சில நாட்களில் போலீஸ் ஸ்டேஷனில் முடிவாகிவிடுகிறது. அப்புறம் செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சிகள் கூண்டில் நிற்கும் சில வாரங்களில் அது இறுகிவிடுகிறது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் சாட்சியை நேரில் பார்ப்பதில்லை. கீழே பதிவானதை, அச்சிட்டுக் கட்டிய காகிதமாகப் படிக்கின்றன. அங்கே ஒரு கேள்வி கேட்கப்படாமல் போயிருந்தால், அதற்கான பதில் எந்த மேல் நீதிமன்றத்திலும் முளைக்காது.

தமிழ்நாட்டு வழக்குகளின் பதிவேடுகளை நான் நிறையப் படிக்கிறேன். பல கொலை வழக்குகளில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். குற்றவாளி என்று சொல்லப்படுபவர் தானாகவே வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போய், முன்பின் பழக்கமில்லாத அந்த அதிகாரியிடம் மனம் திறந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார். வி.ஏ.ஓ. எழுதி வாங்கி, ஆளைப் போலீசிடம் ஒப்படைப்பார். பிறகு புதரிலிருந்து அரிவாளும் ரத்தக்கறை படிந்த சட்டையும் வரும். அவற்றைக் கைப்பற்றியதற்கான மகஜரில் அதே வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும் கையெழுத்துப் போடுவார்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகச் செல்லாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே சட்டம். போலீஸ் அடித்து வாங்கும் என்று அன்றே அவர்களுக்குத் தெரியும். அந்தச் சட்டத்தைச் சுற்றிப்போகத்தான் இந்த வழி பல வழக்குகளில் பயன்படுகிறது என்பது என் கருத்து. பல தீர்ப்புகளில் நீதிபதிகளும் இத்தகைய ஒப்புதலை நம்ப மறுத்திருக்கிறார்கள். ஆனால் எல்லா வழக்கிலும் நீதிபதிக்கு அந்தச் சந்தேகம் வருவதில்லை.

எதிர்த்தரப்பில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். வீட்டை விற்று வக்கீல் வைக்க வீடே இல்லாதவர்கள்தான் பெரும்பாலும் தூக்குக் கொட்டடியில் இருக்கிறார்கள். துவாரகாவில் இருக்கும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் நாடு முழுவதும் தூக்குக் கைதிகளைச் சந்தித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கில் மூன்று பேர் பொருளாதாரத்தில் மிகவும் பின்தங்கியவர்கள் என்று தெரிந்தது. காவலில் நடந்ததைப் பற்றிப் பேச முன்வந்தவர்களில் 80 சதவீதம் பேர் சித்திரவதைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதே ஆய்வில் இன்னொரு கணக்கு. 2000 முதல் 2015 வரை விசாரணை நீதிமன்றங்கள் தூக்கு விதித்தவர்களில், மேல் நீதிமன்றங்களில் முடிவு தெரிந்தவர்களை எடுத்துப் பார்த்தால், தூக்கு நிலைத்தது 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கு. ஏறக்குறைய 30 சதவீதம் பேர் குற்றத்திலிருந்தே விடுதலை ஆனார்கள்.

"பார்த்தீர்களா, சல்லடை வேலை செய்கிறதே" என்று மாணவர் சொல்லலாம். நான் அதை வேறு மாதிரி பார்க்கிறேன். தூக்கு விதிக்கும் அளவுக்கு உறுதியாக இருந்த நீதிபதிகள், பத்தில் மூன்று பேர் விஷயத்தில் குற்றவாளி யார் என்பதிலேயே தவறியிருக்கிறார்கள் என்றால், அந்த உறுதிக்கு என்ன மதிப்பு? மேலே இருப்பவர்களும் அதே சட்டக் கல்லூரிகளில் படித்து, அதே போலீஸ் காகிதங்களைப் படிக்கும் மனிதர்கள்தான்.

2025-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தேனி சுருளி அருவிப் பக்கம் 2011-இல் ஒரு ஜோடி கொல்லப்பட்ட வழக்கு. விசாரணை நீதிமன்றம் விதித்த தூக்கை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் உறுதி செய்திருந்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. டி.என்.ஏ. மாதிரிகளைக் கையாண்டதில் இருந்த ஓட்டைகளைப் பார்த்துவிட்டு, நாடு முழுவதற்கும் அதற்கென்று விதிமுறைகளை வகுத்தது. அக்டோபரில் சென்னை முகலிவாக்கம் சிறுமி வழக்கு. அந்தக் குழந்தையின் முகம் தமிழ்நாட்டில் யாருக்கும் மறக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்த தூக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. தனக்கென ஒரு வழக்கறிஞர் தயாராவதற்குப் போதிய அவகாசம்கூட அவருக்கு விசாரணையில் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் உங்கள் பிள்ளைகள் கோபப்படுவார்கள். கோபப்படட்டும், அது சரியான கோபம். விடுதலை என்றால் அவன் செய்யவில்லை என்று அர்த்தமா? சில வழக்குகளில் செய்தவனே தப்பித்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோபம் யார் மேல் போக வேண்டும் என்பதற்கு, இதே தில்லியில் ஒரே வருடத்தில் நடந்த இரண்டு வழக்குகளை வைத்துப் பேசலாம்.

2012 டிசம்பர் 16 இரவு நடந்த நிர்பயா கொடுமை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண் பஸ் ஏறிய முனிர்கா நிறுத்தம், ஆர்.கே.புரம் மலை மந்திரிலிருந்து அதிகத் தொலைவில்லை. நாடே தெருவுக்கு வந்தது. போலீஸ் ஒழுங்காக வேலை செய்தது. உடன் இருந்தவரின் சாட்சியம், சாகும் முன் அவள் கொடுத்த வாக்குமூலம், சி.சி.டி.வி., டி.என்.ஏ. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. குற்றவாளிகள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நால்வரை 2020 மார்ச் 20 அன்று திகாரில் தூக்கிலிட்டார்கள்.

அதே வருடம் பிப்ரவரியில், தென்மேற்கு தில்லி சாவ்லா பகுதியில், வேலை முடித்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த 19 வயதுப் பெண்ணைக் காரில் கடத்திக்கொண்டு போனார்கள். ஹரியானாவில் ரேவாரிப் பக்கம் வயலில் உடல் கிடைத்தது. கொடுமை அதைவிடக் குறைந்ததல்ல. மூன்று பேர் கைதானார்கள். இரண்டு நீதிமன்றங்கள் தூக்கு கொடுத்தன. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூவரையும் விடுதலை செய்தது. அடையாள அணிவகுப்பே நடத்தவில்லை. டி.என்.ஏ. மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போகாமல் 11 நாள் போலீஸ் ஸ்டேஷனில் கிடந்தன. விசாரித்த 49 சாட்சிகளில் முக்கியமான 10 பேரைக் குறுக்கு விசாரணையே செய்யவில்லை. அந்தப் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் உச்ச நீதிமன்ற வாசலில் உடைந்துபோய் நின்றார்கள். விடுதலையான ஒருவர் அடுத்த சில மாதங்களில் வேறொரு கொலை வழக்கில் கைதானார். அந்தச் செய்தி வந்ததும் "தூக்கில் போட்டிருந்தால்..." என்று பலர் பேசினார்கள். அந்த ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பெற்றோருக்குத் துரோகம் செய்தது மாதிரிகளைப் 11 நாள் போட்டுவைத்த விசாரணை. யார் செய்தது என்றே நிரூபிக்க முடியாத வழக்கில் மூன்று பேரைத் தூக்கில் போடுவது அந்தத் துரோகத்தைச் சரிசெய்யாது, மூடி மறைக்கும். எந்த வழக்கில் விசாரணை நன்றாக நடந்தது, எந்த வழக்கில் நடக்கவில்லை என்பது கேமராக்கள் எந்தப் பக்கம் இருந்தன என்பதைப் பொறுத்து அமைந்துவிட்டது. உயிரெடுக்கும் தண்டனையை அதன் மேல் கட்டக் கூடாது.

பயங்கரவாத வழக்குகளைப் பற்றியும் கேட்பார்கள். நீதிபதி ஏ.பி.ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015-இல் மரண தண்டனையை ஒழிக்கப் பரிந்துரைத்தது. ஆனால் பயங்கரவாதத்துக்கும் நாட்டுக்கு எதிரான போருக்கும் மட்டும் விதிவிலக்கு வைத்தது. ஆணையத்தின் உழைப்பு மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் இந்த விதிவிலக்கோடு எனக்கு உடன்பாடில்லை. காரணம், தப்பு நடக்க அதிக வாய்ப்புள்ள இடமே அதுதான். இப்போது நடைமுறையில் இல்லாத தடா, பொடா, இன்றும் இருக்கும் மகாராஷ்டிராவின் மோக்கா போன்ற சிறப்புச் சட்டங்களில்தான் போலீஸ் உயரதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகச் செல்லும். குஜராத் அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் தூக்குக் கைதிகள் மூவர் உட்பட ஆறு பேரை உச்ச நீதிமன்றம் 2014-இல் விடுதலை செய்தது. 2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பில் 5 பேருக்குத் தூக்கு, 7 பேருக்கு ஆயுள். 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் 12 பேரையும் விடுவித்தது. ஒப்புதல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது போல இருந்தன. சாட்சிகள் நூறு நாளுக்கு மேல் கழித்துத்தான் வாய் திறந்தார்கள். தூக்கு விதிக்கப்பட்ட ஐவரில் ஒருவர் 2021-இல் சிறையிலேயே கொரோனாவில் இறந்துவிட்டார். மாநில அரசின் மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறது. அந்தத் தீர்ப்பை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று தடை இருக்கிறது. ஆனால் வெளியே வந்தவர்கள் சிறைக்குத் திரும்ப வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

தமிழர்களுக்கு ராஜீவ் காந்தி வழக்கைச் சொன்னால் போதும். 1998-இல் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. அடுத்த வருடமே உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. தூக்கு உறுதியான நால்வரில் ஒருவர் பேரறிவாளன். 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அது எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக, வாக்குமூலம் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜனே 2013-இல் வெளியில் சொன்னார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2011 செப்டம்பர் 9 என்று தூக்குக்குத் தேதி குறித்திருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத் தடை வராமல் இருந்திருந்தால், அந்த அதிகாரி பேசும்போது கேட்பதற்கு அவர் இருந்திருக்க மாட்டார். 2014-இல் அவருடைய தூக்கு ஆயுளாகக் குறைந்ததற்கும் காரணம் கருணை மனுவின் தாமதம்தான். 2022-இல் அவர் வெளியே வந்தது, முழுமையான நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அதிகாரம் தரும் அரசியல் சாசனத்தின் 142-ஆவது பிரிவின்படி. அது குற்றமற்றவர் என்ற தீர்ப்பு அல்ல. அந்த விடுபட்ட வரியைப் பற்றிய முழு விசாரணை கடைசிவரை நடக்கவே இல்லை.

"அப்படியானால் இந்தியாவில் நிரபராதி யாராவது உண்மையிலேயே தூக்கில் தொங்கியிருக்கிறாரா? பெயர் சொல்லுங்கள்" என்று கேட்டால், நீதிமன்றம் ஒப்புக்கொண்ட பெயர் ஒன்றுகூட என்னிடம் இல்லை. கைதி இறந்ததும் வழக்கு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மனுப் போட ஆளில்லை, கேட்க அமர்வு இல்லை. 2004 ஆகஸ்டில் கொல்கத்தாவில் தூக்கிலிடப்பட்ட தனஞ்சய் சாட்டர்ஜியின் வழக்கு ஆவணங்களை, அங்கே இந்தியப் புள்ளியியல் நிறுவனப் பேராசிரியர்கள் வருடக்கணக்கில் ஆராய்ந்து தீவிரமான சந்தேகங்களை எழுப்பினார்கள். எந்த நீதிமன்றமும் அதை எடுத்து விசாரிக்கவில்லை. பிரிட்டனில் 1950-இல் திமோத்தி எவன்ஸைத் தன் குழந்தையைக் கொன்றதற்காகத் தூக்கிலிட்டார்கள். அவருக்கு எதிரான முக்கியச் சாட்சி அதே வீட்டில் குடியிருந்த கிறிஸ்டி. மூன்று வருடம் கழித்து அந்த வீட்டின் சுவர்களுக்குள்ளிருந்து பெண்களின் உடல்கள் வந்தன. தொடர் கொலைகாரன் கிறிஸ்டிதான். எவன்ஸுக்கு 1966-இல் மன்னிப்பு வழங்கினார்கள். அந்த உடல்கள் கிடைக்காமல் போயிருந்தால், பிரிட்டனிலும் "எங்கள் நாட்டில் அப்படி நடக்கவில்லை" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

தூக்கு இல்லாவிட்டால் கொடூரமானவர்களை என்ன செய்வது என்று பிள்ளைகள் கடைசியில் கேட்பார்கள். அதற்குச் சட்டத்தில் ஏற்கெனவே வழி இருக்கிறது. பெங்களூரில் மனைவியை உயிரோடு புதைத்ததாகத் தீர்ப்பான ஒருவரின் வழக்கில், 2008-இல் உச்ச நீதிமன்றம் தூக்குக்குப் பதிலாக, தண்டனைக் குறைப்பே இல்லாமல் சாகும் வரை சிறை என்று விதித்தது. 2015-இல் ராஜீவ் வழக்கிலேயே அரசியல் சாசன அமர்வு, உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் உண்டு என்று உறுதி செய்தது. ஊருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதுதான் கவலை என்றால், இந்தத் தண்டனை அதைச் செய்கிறது.

வகுப்புக்கு ஒரு யோசனை டீச்சர். ஷிண்டே வழக்கின் 2009 தீர்ப்பும் 2019 தீர்ப்பும் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கும். இரண்டையும் இரண்டு குழுவாகப் பிரித்துக் கொடுங்கள். முதல் குழுவுக்கு 2019 பற்றி எதுவும் சொல்லாதீர்கள். அவர்கள் படித்து முடித்து, தூக்கு சரியா தப்பா என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு இரண்டாவது குழுவைப் பேசச் சொல்லுங்கள். சட்டச் சொற்களில் எங்காவது தட்டினால் எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள், விளக்குகிறேன்.